வெயில் வழி – 9: மாசத்துக்கு ஒரு ஊசி

அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி, அதைத் தாண்டினால் நரிக்குடி. மழை பெய்தால் மிளகாயும் மல்லியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். கரிக்காரர்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். இந்த வாரம் அதே சாலையில் மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிற ஒரு தாயும் மகனும்.

மகனுக்கு முப்பது வயதுக்கு மேல். மனச்சிதைவு நோய். மாதம் ஒரு ஊசி, இரவில் ஒரு மாத்திரை. போட்டுக்கொண்டால் ஆடு மேய்ப்பான், ரேஷன் வாங்கி வருவான். இரண்டு மாதம் தவறினால் தூக்கம் போய்விடும். அப்புறம் யாரோ கூப்பிடுவதாகக் கம்மாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையைப் பற்றி அம்மா சொன்னார்: "அவன் எந்திரிக்கலைன்னா மொத பஸ்ஸு போயிரும் தம்பி. மொத பஸ்ஸ விட்டா ஓ.பி. முடிஞ்சிரும். ஓ.பி. முடிஞ்சா அந்த மாசம் அம்புட்டுத்தான்."

ஊரிலிருந்து திருச்சுழி, அங்கிருந்து அருப்புக்கோட்டை, பிறகு விருதுநகர். மூன்று பஸ். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணமில்லை, மகனுக்கு டிக்கெட். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அவனுக்கும் இலவசம். அந்த அட்டைக்கு மனநல மருத்துவரின் சான்று வேண்டும். அதற்கு இன்னொரு நாள், இன்னும் மூன்று பஸ். அன்றைக்கு நூறு நாள் வேலை அம்மாவுக்குக் கிடையாது. நம் அரசாங்கங்கள் சலுகையைக் கொடுத்துவிட்டு, அதை வாங்கும் கவுண்டரைத் தூரத்தில் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

1850-இல் எட்வர்ட் ஜார்விஸ் என்ற அமெரிக்க மருத்துவர், மனநோய் விடுதிகளின் பதிவேடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். விடுதிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். தூரம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. தூரத்து ஊர்க்காரர்களுக்குப் புத்தி பிசகாது என்று யாரும் நினைக்கவில்லை. அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். 'ஜார்விஸ் விதி' என்று இன்றும் பெயர் இருக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. வெட்கம், அறியாமை, பேய்க்கோளாறு என்ற நம்பிக்கை எல்லாம் உண்டு. ஆனால் முதல் பழியை நம்பிக்கையின் மேல் போடுவது நகரத்துக்காரர்களுக்கு வசதியாக இருக்கிறது.

மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கொண்டுபோய் விடும் ஏர்வாடி தர்காவையே எடுத்துக்கொள்வோம். 1985 வரை அதுவும் திருச்சுழியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா அருகே இருந்த மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கூரை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் 25 என்றுதான் இருக்கும்; மற்ற மூவர் பிறகு இறந்தவர்கள்.

அங்கே ஏன் கொண்டுபோய் விட்டார்கள்? நேர்த்தி, கனவில் உத்தரவு என்பதெல்லாம் உண்மை. கூடவே ஒரு சாதாரணக் கணக்கும் உண்டு. ஏர்வாடிக்கு ஒரு தடவை போனால் போதும், தங்கிவிடலாம். ஆஸ்பத்திரியோ வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை வரச் சொல்கிறது, ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஓர் ஆளோடு. கூலிக்குப் போகிற வீட்டில் ஆஸ்பத்திரிதான் தர்காவைவிடத் தூரம்.

தீ விபத்துக்குப் பிறகு மாவட்ட மனநலத் திட்டம் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் வந்தது; இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர். குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முகாம். ஏற்பாடு நல்லதுதான். மருத்துவர் லீவு போட்டால், ஜீப் வேறு வேலைக்குப் போனால், அந்த மாத முகாம் போச்சு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளி நெடுந்தூரம் அலையக் கூடாது, சேவை அவர் வசிக்கும் இடத்துக்கு அருகில் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் கம்மாய்க்கரை ஊர்கள் வரை இன்னும் வந்து சேரவில்லை.

இதே மாதிரிக் காய்ந்த பூமியான புதுக்கோட்டையில், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-இல் ஒரு பஸ்ஸை ஓட்டியது. உள்ளே திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பார்த்து முடித்ததும் அதே பஸ்ஸில் மாத்திரை. பேச மட்டும் என்றால் இப்போது 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தனிமையில் தவிப்பவருக்கு, சாக நினைப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் போன் வழியாக ஊசி வராது.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரின் நோயாளி ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லாமல் வராமலே இருந்து தற்கொலை செய்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் கிளினிக் வாசலில் மர பெஞ்சு போட்டு, அந்தந்தப் பகுதிப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வருகிறவர்களோடு பேச உட்கார வைத்தார். நம்மிடம் பாட்டிகளும் உண்டு. அவர்களோடு கிராம சுகாதார செவிலியரும் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த அம்மாவின் சர்க்கரை மாத்திரையை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறது. அதே வாசலில் உட்கார்ந்திருக்கும் மகன், தன் ஊசிக்கு மூன்று பஸ் ஏற வேண்டும். அந்த ஊசி தசையில் போடுவது, செவிலியரே போடலாம். குளிர்பெட்டிகூடத் தேவையில்லை. கை நடுக்கம், உடல் இறுக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அளவைக் கூட்டிக் குறைக்க மருத்துவர் வேண்டும். நிலையாக இருக்கிறவரை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, நடுவில் வரும் ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டால், பன்னிரண்டு பயணம் நான்காகிவிடும். அந்த நான்குக்கும் அட்டை கையில் இருந்தால் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை.