ஓசி இல்லை மாப்ளே... ‘ஃப்ரீ’!

ஒரு சீன் யோசிச்சுப் பாருங்க. பீளமேட்டில் ஃபைனல் இயர் படிக்கிற நம்ம ஆளு ஒருத்தர், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு பீஸ் ரேட் கணக்குப் போட சாஃப்ட்வேர் ரெடி பண்ணுகிறார். நெட்டில் கிடைத்த ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ ஒன்றை எடுத்து, வாரச் சம்பளம், ஓ.டி., அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து, ரெண்டு மாசம் ராத்திரி பகலாக உழைத்து... கடைசியில், ‘‘பதினஞ்சாயிரம் ஆகுதுங்ணா’’ என்கிறார்.

‘‘ஏந்தம்பி, ஃப்ரீ சாஃப்ட்வேருன்னு நீதானே சொன்னே... அப்புறம் எதுக்குக் காசு?’’ என்று முதலாளி திருப்பிக் கேட்க, நம்ம ஆளு கப்சிப்!

காசு கேட்டது தப்பா? இல்லவே இல்லை. எப்படின்னு பார்ப்போம், வாங்க.

ஒரு வார்த்தை... ரெண்டு அர்த்தம்!

இங்கிலீஷில் ‘ஃப்ரீ’ என்றால் காசில்லாமல் கிடைப்பது என்றும் அர்த்தம், சுதந்திரமானது என்றும் அர்த்தம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்குது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. முதலாவது ‘இலவசம்’. ரெண்டாவது ‘கட்டற்ற’. ஃப்ரீ சாஃப்ட்வேர் என்பது கட்டற்ற மென்பொருள். இலவச மென்பொருள் இல்லை!

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு ‘விலையில்லா மடிக்கணினி’ கொடுக்கத் தொடங்கியது. உங்க அண்ணன், அக்கா யாராவது வாங்கியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. அதில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ஸும் இருந்தது. மாணவர்கள் ரெண்டுக்குமே பத்து பைசா கொடுக்கலை. ஆனா, அந்த விண்டோஸை ஃப்ரெண்டுக்கு காப்பி போட்டுக் கொடுத்தால் லைசென்ஸ் மீறல். பாஸ் லினக்ஸை கிளாஸுக்கே காப்பி போட்டுக் கொடுக்கலாம். காப்பிக்கு நூறு ரூபாய் வாங்கினாலும் யாரும் கேட்க முடியாது. ரெண்டுமே இலவசமா வந்ததுதான்... ஆனா ஒண்ணுதான் கட்டற்றது!

தாத்தா காலத்து டேப்!

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டால்மேனே காசுக்கு வித்தவர்தான். 1984-ல் எம்.ஐ.டி. வேலையை விட்டார். அடுத்த வருஷம் தான் எழுதிய ‘ஈமேக்ஸ்’ சாஃப்ட்வேரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார். நெட் வசதி உள்ளவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் டேப் வாங்கினார்கள்.

பிற்பாடு அவர் எழுதிய ஜி.பி.எல். லைசென்ஸ் இதைத் தெளிவாகவே சொல்லுது. 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பின்படி ஒரு காப்பிக்கு என்ன விலை வேணும்னாலும் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம்.

சரி, கண்டிஷன் என்ன?

இருக்கே, மூணு! ஒண்ணு, சாஃப்ட்வேரை யாருக்குக் கொடுக்கிறீங்களோ அவருக்கு சோர்ஸ் கோடும் கிடைக்கணும். ஊருக்கெல்லாம் இல்லை, அவருக்கு மட்டும் போதும். ரெண்டு, நீங்க சேர்த்த பகுதிகளோடு முழுசையும் அதே லைசென்ஸில்தான் தரணும். மூணு, அவர் அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு தடுக்க முடியாது.

மூணாவதுதான் நம்ம ஆளுக்கு வயிற்றைக் கலக்கும். பதினஞ்சாயிரம் கொடுத்த முதலாளி, பக்கத்து யூனிட்காரருக்கு அதைச் சும்மாவே கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். அப்போ ரெண்டாவது காப்பியில் காசு பார்க்க முடியாதா? கஷ்டம்தான், ஒத்துக்கணும்.

ஆனா, நம்ம ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடையை யோசிங்க. மோட்டாரை யார் வேணும்னாலும் கழற்றலாம். அதில் ரகசியம் ஒண்ணும் இல்லை. இருந்தும் கிணற்று மோட்டார் நின்னுபோனால் விவசாயி தேடிப் போறது, நல்லா சுத்தித் தர்ற கடைக்காரரைத்தான். காசு மோட்டாரின் ரகசியத்துக்கு இல்லை, கைவேலைக்கு! பக்கத்து யூனிட்காரருக்கும் அவர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க, ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க, பழுதானால் ஓடி வர ஒருத்தர் வேணும். எழுதினவரைவிட அதுக்குப் பொருத்தமான ஆள் யாரு?

பெரிய கம்பெனிகளும் இந்த ரூட்தான். லினக்ஸுக்கு சப்போர்ட் கொடுத்தே வளர்ந்த ரெட் ஹேட்டை, 2019-ல் ஐ.பி.எம். சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தின் ‘இ.ஆர்.பி.நெக்ஸ்ட்’ சாஃப்ட்வேரும் ஜி.பி.எல்.தான். ஸ்டாக், பில்லிங் எல்லாம் பார்க்கும். யாரும் சும்மா டவுன்லோடு பண்ணலாம். கம்பெனிக்கு வருமானம், அதைத் தங்கள் சர்வரில் ஓட்டித் தருவதிலும் சப்போர்ட்டிலும்.

கை வைக்கும் முன்னாடி...

எல்லா லைசென்ஸும் ஒண்ணில்லை. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. லைசென்ஸ் என்றால், பழைய காப்புரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டு, உங்க வேலையை மூடி வைத்தும் விற்கலாம். ‘வணிகத்துக்குக் கூடாது’ன்னு போட்டிருந்தால், அது இலவசமா கிடைச்சாலும் கட்டற்றது இல்லை. அதை வைத்துக் காசு பார்த்தால் வம்பு! அதனால் முதல் வரி எழுதுறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படிங்க. முதலாளிகிட்டயும் விலை பேசும்போதே விஷயத்தைச் சொல்லிடுங்க.

இப்போ நம்ம பீளமேட்டு ஹீரோ திரும்பப் போய் என்ன சொல்லணும்?

‘‘சாஃப்ட்வேர் ஃப்ரீதானுங்ணா... ரெண்டு மாசம் தூங்காம இருந்தது நானுங்ணா!’’