ஆட்டுத் தலையில் கிடைத்த வழி (வீட்டில் வளரும் ஜீவன்கள் – 17)

நாய்க்குட்டியின் 28 பால்பற்கள் உதிர்ந்து 42 நிலைப்பற்கள் அமைவது வரையில் சென்ற வாரம் சொல்லியாயிற்று. அவற்றைப் பேணுவதில் நம் கையால் ஆவது எது, வைத்தியர் கையால் ஆவது எது என்பதே இந்த வாரத்து விஷயம்.

வயது முதிர்ந்த நாய் ஒன்றின் மேலுதட்டை, வாயைத் திறக்க முயலாமல், கன்னப் பக்கமாகச் சற்றே தூக்கிப் பாருங்கள். முன்பற்கள் ஓரளவு வெண்மையாகவே இருக்கும். கோரைப்பல்லின் அடியில் மஞ்சள் ரேகை ஒன்று ஓடும். அதற்கும் பின்னால், கண்ணுக்கு நேர்கீழே, மாமிசத்தைக் கத்தரிப்பதற்கென்றே அமைந்து மூன்று வேர்களால் தாடையைப் பற்றி நிற்கும் பெரிய பல்லின் வெளிப்புறத்திலோ, பழுப்பு நிறக் காரை பல்லின் வடிவமே மறையும்படி அப்பிக் கிடக்கும். அதே பல்லின் உட்புறம், நாக்கு உராயும் பக்கம், அவ்வளவு மாசடைவதில்லை. வாய் ஒன்று, உணவு ஒன்று, அப்படியிருக்க இந்தப் பல்லின் வெளிமுகத்துக்கு மட்டும் இந்தத் துர்க்கதி நேர்வானேன்?

காதின் அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கன்னத்தின் வழியே வரும் குழாய், மிகச் சரியாக அந்தப் பல்லுக்கு எதிரேதான் வாய்க்குள் திறக்கிறது என்பதே இதற்கு விடை. இந்த வாரம் என்னை வேறு எதையும் எழுதவொட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டது அந்தக் குழாயின் சரித்திரம்.

1660-ஆம் ஆண்டு, கோபன்ஹேகனிலிருந்து கல்வி கற்க வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆட்டுத் தலை ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் மூளையை ஆராயும் நோக்கத்துடன் தனியே அமர்ந்தார். மூளையைத் தொடுமுன் வாய்ப்புறத்து நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று கருவியைச் செலுத்தியபோது, அதன் முனை தடையின்றி ஒரு வெற்றிடத்தில் நகர்வதை உணர்ந்தார், மேலும் தள்ளினார், இரும்பு பல்லில் மோதும் ஓசை கேட்டது. அந்தச் சிறு ஓசையைக் கேட்டதும், தாம் அறியாமலே ஒரு குழாய்க்குள் புகுந்து வாய்க்குள் வெளிப்பட்டுவிட்டதை அவர் கண்டுகொண்டார். அவருடைய ஆசிரியர் பிளாசியுஸ் இதைக் கத்தி செய்த காயம் என்று முதலில் தள்ளிவிட்டுப் பிற்பாடு தம்முடைய கண்டுபிடிப்பாகவே உரிமை கொண்டாடினார். ஆயினும் லைடன் நகரத்துப் பேராசிரியர் சில்வியுஸ் மனிதர்களிடமும் அதே குழாய் உண்டென்று நிரூபித்து, கண்டவருக்கே கீர்த்தியைச் சேர்ப்பித்தார். வைத்திய மாணவர்கள் இன்றும் அதை ஸ்டென்சன் குழாய் என்றே படிக்கிறார்கள்.

நீல்ஸ் ஸ்டென்சன் என்ற அந்த மகானுக்கும் பல்லுக்கும் உள்ள சம்பந்தம் அதோடு தீரவில்லை. 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை, ஃபிளாரன்ஸ் நகரில் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் பற்களை நோக்கியவர், மால்டா தீவின் பாறைகளில் கிடைப்பதும் பாம்பின் நாக்கு கல்லாய்ச் சமைந்தது என்று ஜனங்கள் நம்பி வந்ததுமான முக்கோணக் கற்கள், பூர்வகாலத்துச் சுறாக்களின் பற்களே என்று தெளிந்தார். பூமியின் அடுக்குகளைப் படிக்கும் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்ட சிந்தனைகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் துறவு மனப்பான்மை மேலிட்டுக் கத்தோலிக்க பிஷப்பாகி 1686-இல் காலமானார்.

அந்தக் குழாய் வழியே வரும் நீர்தான் காரைக்குக் காரணம். சுத்தம் செய்த பல்லின்மேல் சில மணி நேரத்திற்குள்ளாகவே கிருமிகளாலான வழுவழுப்பான படலம் ஒன்று படர்கிறது. உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரண்டு மூன்று நாட்களில் அதை இறுகச் செய்துவிடுகிறது. உப்பு நீர் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவது போன்றதே இது. நாயின் உமிழ்நீரில் மனிதருடையதைவிடக் காரத்தன்மை மிகுதியாதலால், நம்மைப் போல் அதற்குப் பல் சொத்தையாவது அபூர்வம். காரை கட்டுவதோ அதிவேகம். நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று சமாதானம் கொள்வோர் அநேகர். ஆரோக்கியமான வாய் அப்படி நாறுவதில்லை. துர்நாற்றம், ஈற்றின் அடியில் கிருமிகள் குடியேறிவிட்டன என்பதற்கு அறிகுறி. ஈறு சிவந்து வீங்கும் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், போன எலும்பு போனதுதான்.

ஆகவே வீட்டில் செய்யவேண்டியது ஸ்டென்சன் காட்டிய இடத்திலேயே தொடங்குகிறது. மெல்லிய பருத்தித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நாயின் வாய் மூடியிருக்கும்போதே உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் விரலைச் செலுத்தி, ஈற்றிலிருந்து பல்நுனியை நோக்கித் துடைத்தால் போதும். அதற்கு நாய் இணங்கிப் பழகிய பின், மென்மையான பிரஷ்ஷை ஈற்றோரம் 45 பாகை சாய்த்துப் பிடித்துத் தேய்க்கலாம். படலம் இறுக இரண்டு மூன்று நாளே போதுமென்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை செய்வதில் பிரயோஜனம் சொற்பம், தினந்தோறும் செய்யவேண்டும். நம்முடைய பற்பசை மட்டும் கூடவே கூடாது. நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிடால், நாயின் இன்சுலினைத் திடீரென்று பெருகச் செய்து, ரத்தத்துச் சர்க்கரையை வீழ்த்தி, ஈரலையும் கெடுத்துப் பிராணனைப் போக்கக்கூடியது. நாய்களுக்கென்றே கோழி இறைச்சிச் சுவையில் செய்யும் பசை கடைகளில் உண்டு. அது கிட்டாவிட்டால் வெறும் தண்ணீரே மேல்.

கடிப்பதற்குக் கட்டை எலும்பைப் போட்டால் பல் தானே சுத்தமாகும் என்ற அபிப்பிராயமும் பரவலாக இருக்கிறது. அந்தப் பெரிய பல் பட்டையாகப் பிளந்துபோவது பெரும்பாலும் இத்தகைய எலும்பினால்தான். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாத பொருளை நாய்க்குக் கடிக்கக் கொடுக்கலாகாது.

ஏற்கெனவே இறுகிவிட்ட காரையைத் துணியோ பிரஷ்ஷோ அசைக்காது. வீட்டில் சுரண்டிப் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு, ஈற்றுக்குள் இருக்கும் வியாதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்கு முழு மயக்கம் கொடுத்து, தண்ணீர் நுரையீரலில் இறங்காதபடி மூச்சுக்குழாயில் குழல் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்து, அதிர்வுக் கருவியால் ஈற்றின் அடிவரை துப்புரவு செய்து, இறுதியில் மெருகிடவும் வேண்டும். வயதான நாய் மயக்கத்தைத் தாங்குமா என்று பல வீடுகளில் எழும் அச்சத்தைப் பற்றியும், அதற்கு முன் செய்யவேண்டிய ரத்தப் பரிசோதனைகளைப் பற்றியும் விரிவாகவே எழுதவேண்டும். அது அடுத்த வாரம். பல்லின் வேரே கரைந்துபோகும் பூனைகளின் விசித்திர நோயும் அதனோடு வரும்.

ஆனால் உங்கள் நாய்க்குக் கண்ணின் கீழே திடீரென்று வீக்கம் கண்டிருந்தால் அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். கண் நோய் என்றோ குளவி கொட்டியது என்றோ பலரும் நினைத்துவிடும் அந்த வீக்கம், பல சமயங்களில் இதே பல்லின் வேரில் கட்டிய சீழ். இன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

(தொடரும்)