பார்த்தார், காணவில்லை

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக் கரையில் இறங்கிச் சற்றுத் தூரம் சென்றால், பிரதான சாலையோடு இடப்பக்கத்திலிருந்து ஒரு தெரு வந்து சேருகிற முச்சந்தி ஒன்று இருக்கிறது. பல வருஷங்களாக அந்த வழியே சைக்கிளில் போய்வருகிற நான், சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, அந்த இடத்தில் உயிர் பிழைத்தேன். தெருவிலிருந்து ஒரு கார் மெல்ல வந்து நின்றது. ஓட்டியவர் என் திசையில் முகத்தைத் திருப்பினார். அவருடைய கண்கள் நேராக என்மீது படிந்ததாகவே எனக்குத் தோன்றிற்று. ஆகையால் எனக்கு வழி விட்டு நிற்கிறார் என்ற நம்பிக்கையோடு நான் பெடலை அழுத்திய அதே க்ஷணத்தில் அவரும் காரை முன்னே செலுத்தினார். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து இறுக்கியதில் பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் ஒதுங்க, நானும் சைக்கிளும் கீழே சாய்ந்தபோது, முன்சக்கரத்துக்கும் காரின் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிஞ்சியிருந்தது.

காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவரின் கைகள் என் கைகளைவிட அதிகமாக நடுங்கின. "பார்க்கவே இல்லை சார், சத்தியமா பார்க்கலை" என்றார். முனையில் டீக்கடை வைத்திருப்பவர் ஓடிவந்து, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க சார்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களும் அன்று முதல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

டீக்கடைக்காரர் சொன்ன பழமொழியில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் அது ஒரு கணக்கை முடித்து வைக்கிற வாக்கியமும் ஆகும். தலைப்பாகையோடு போனதைப் பற்றி நாம் பிறகு பேசுவதில்லை. ரத்தம் சிந்தினால் போலீஸ் நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கையாவது எழுதப்படும். ஒரு சாண் இடைவெளியில் தப்பியவனுடைய சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லுவதோடு, அல்லது அவள் பயப்படுவாளென்று அதையும் சொல்லாமல் விடுவதோடு, மறைந்து போகிறது. இத்தனைக்கும் சட்டம் ரத்தத்தை எதிர்பார்க்கவில்லை. மனித உயிருக்கு அபாயம் விளையும் விதத்தில் பொதுச்சாலையில் அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டுவதே, காயம் ஒன்றும் உண்டாகாவிட்டாலும், குற்றம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது.

இனி, காரை ஓட்டியவர் சொன்ன வாக்கியம். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பார்ப்பது வேறு, காண்பது வேறு என்று நம் பாஷை இரண்டு சொற்களை வைத்திருக்கிறதே, அந்தப் பேதத்தின் முழு அர்த்தத்தையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்: அவர் பார்த்தார், காணவில்லை. கண் என்னும் இந்திரியம் ஒரு காட்சியின் மீது நீரோட்டம்போல் வழுக்கிச் செல்லுவதில்லை. ஓரிடத்தில் நின்று, குதித்து, மற்றோரிடத்தில் நின்று, இப்படி ஒரு விநாடிக்குள் இரண்டு மூன்று தாவல்களாகவே சஞ்சரிக்கிறது. தாவுகிற அந்த அற்ப நேரத்தில் வருகிற கலங்கிய காட்சியை மூளை தள்ளிவிட்டு, இரு பக்கத்துத் துண்டுகளையும் இடைவெளி தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஐயமிருப்பவர்கள் கண்ணாடிக்கு முன் நின்று தம்முடைய இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி நோக்கிப் பார்க்கலாம். கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குப் பிரத்தியட்சமாகத் தெரியும், தமக்கு ஒருபோதும் தெரியாது. முனையில் நின்று தலையை வலமும் இடமும் வேகமாக வீசி ஒரு பார்வை பார்ப்பவருக்கு, அந்த இடைவெளிகளில் ஒன்றில் விழுந்துவிட்ட சைக்கிள்காரன் உலகத்திலேயே இல்லாதவன்.

இதோடு காரின் உடலமைப்பும் சேர்ந்துகொள்ளுகிறது. முன்கண்ணாடியைத் தாங்குகிற இரண்டு தூண்களில், ஸ்டியரிங் வலப்புறம் இருக்கிற நம் நாட்டுக் கார்களில், வலத்தூண் ஓட்டுநரின் கண்ணுக்கு வெகு அருகில் நிற்கிறது. இடப்பக்கம் ஒதுங்கிச் செல்லுகிற நம் சாலைகளிலோ, கிளைத்தெருவிலிருந்து வெளியே வருகிறவருக்கு முதல் அபாயம் வருவதும், அவரால் முதல் அபாயத்துக்கு உள்ளாகிறவன் வருவதும் அந்த வலப்பக்கத்திலிருந்தேதான். பாலத்தின் மேல் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மற்றொரு கண்ணுக்கருகே நீட்டினால், 236 அடி உயரமுள்ள ராஜகோபுரம் முழுவதும் அதன் பின்னே மறைந்துவிடும். கோபுரத்துக்கே அந்த கதி என்றால், தோளகலம் மட்டுமே உள்ள ஒரு சைக்கிள்காரன் எம்மாத்திரம்? அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நேர்கோட்டில், மாறாத வேகத்தில் செல்லும் இரண்டு பொருள்கள் மோதப் போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்கையில் மற்றொன்று இடமும் வலமும் நகராமல் ஒரே கோணத்தில் நின்று வளர்ந்துகொண்டே வரும். கடலில் இதைக் கண்டு கப்பலின் திசையைத் திருப்ப மாலுமிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. காரை நெருங்கும் சைக்கிள்காரன் அப்படித் தூணுக்குப் பின்னே ஒருதரம் மறைந்தானானால், மோதுகிற வரையில் தூணுக்குப் பின்னேயே இருப்பான்.

பின்லாந்து தேசத்தில் ஹெய்க்கி சும்மாலா என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும், திரும்பும் முனைகளில் ஓட்டுநர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காமிராவால் கண்காணித்து, 1996இல் வெளியிட்ட முடிவு இந்த விஷயத்தில் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிற அந்நாட்டில், வலப்புறம் திரும்பப் போகிறவர்கள் இடப்பக்கத்திலிருந்து வருகிற கார்களையே நோக்கிக் கொண்டிருந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து பாதை வழியே வருகிற சைக்கிள்காரனை உரிய நேரத்தில் பார்க்கவில்லை. தனக்குத் தீங்கு செய்யக்கூடியது எங்கிருந்து வரும் என்று தேடக் கண் பழகிவிடுகிறது. தன்னால் தீங்கு அடையக்கூடியவன் எங்கே இருக்கிறான் என்று தேட அது பழகவில்லை. அன்று அந்தக் கார்க்காரர் என் பக்கம் திரும்பியபோது எனக்குப் பின்னால் பாலத்திலிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தது அதைத்தான் என்று இப்போது நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்னதால் அவர் நிரபராதி என்று சொல்லுவதாக எவரும் எண்ண வேண்டாம். கண் ஏமாற்றும் என்பது உண்மையானால், அதை அறிந்து நிதானிப்பதே ஓட்டுகிறவனுடைய தர்மம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. 10 கிலோமீட்டராகத் தணிந்தால் 3 மீட்டருக்கும் குறைவு. அந்தத் தணிவில்தான் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவும், தூணைச் சுற்றித் தலையைச் சற்று முன்னே சாய்த்துப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கிறது. பக்கத்தில் செல்லுகிற சைக்கிளை முந்திக்கொண்டு உடனே அதன் குறுக்கே இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கோ இந்தச் சமாதானம் ஒன்றும் பொருந்தாது. அவர்கள் கண்டு, கடந்து, மூன்று விநாடிக்குள் மறந்துவிட்டவர்கள். விளக்கில்லாமல் இருட்டில் வருகிறவர்களும், எதிர்த்திசையில் வருகிறவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நடுத்திட்டில் திரும்ப இடமில்லாமல் வெகுதூரம் சுற்ற வேண்டியவனே பெரும்பாலும் எதிர்த்திசையில் வருகிறான் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

இதில் அதிகமாக இழப்பவர்கள் மெதுவாகச் செல்லுகிறவர்கள். இங்கிலாந்தில் ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற பேராசிரியை, சைக்கிள் ஓட்டுகிறவர்களைத் தங்கள் ஒரு நாள் அனுபவத்தைக் குறித்து அனுப்பச் சொல்லி நடத்திய ஆராய்ச்சியில், மணிக்கு 8 மைலுக்குக் குறைந்த வேகத்தில் போகிறவர்கள், 12 மைலுக்கு மேல் போகிறவர்களைவிட, மைலுக்கு மும்மடங்கு இத்தகைய கண்டங்களுக்கு உள்ளாகிறார்கள் என்றும், பெண்கள் சராசரியாக மெதுவாகச் செல்லுவதால் அவர்களுக்கே இது அதிகம் என்றும் தெரியவந்தது. நம் நாட்டில் மெதுவாகச் செல்லுகிறவர்கள் யார்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்த பெண்களின் வழியில் வந்தவர்கள். பிளஸ் ஒன் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளில் முதுகில் புத்தக மூட்டையோடு பள்ளிக்குப் போகிற பெண்கள். அவர்களில் ஒருத்தி ஒரு சாண் இடைவெளியில் உயிர் தப்பினால், மறுநாள் அந்தச் சைக்கிள் திண்ணை ஓரத்தில் சாத்தப்படுகிறது. விபத்துக் கணக்கில் அது வராது. ஆனால் ஒரு பெண்ணின் ஸ்வதந்திரம் அன்றோடு குறைந்துவிடுகிறது.

ஹாலந்தில் 1971ஆம் வருஷம் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள். பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோப் என்ற பத்திரிகையாளர் அடுத்த வருஷம் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த இயக்கம், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இன்று அந்நாட்டில் பல முனைகளில் சைக்கிள் பாதையை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி அமைத்து, முனையின் வளைவையும் குறுக்கியிருக்கிறார்கள். திரும்புகிற கார் வேகம் தணிந்தே தீர வேண்டும். அப்படித் திரும்பி முடித்தபின் சைக்கிள்காரன் தூணுக்குப் பின்னே அல்ல, கண்ணாடிக்கு நேரே தெரிகிறான்.

ஸ்வீடனில் லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டர் ஹைடன் 1980களில் வகுத்த முறையோ, பிணம் விழும்வரை காத்திராமல் முனையைத் திருத்துவதற்கு வழி காட்டுகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் சந்திப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, மோதாமல் தப்பிய ஒவ்வொரு சம்பவத்தையும், மோத எத்தனை விநாடி இருந்தது, வேகம் என்ன என்ற இரண்டு குறிப்போடு எழுதிக்கொள்ளுகிறார். இதைப் படித்த அன்று எனக்கு முனையில் இருக்கிற டீக்கடைக்காரரின் ஞாபகம் வந்தது. இருபது வருஷங்களாக அதே மூலையில் நிற்கிற அவரிடம் யாராவது இதைப் பற்றி விசாரித்ததுண்டா என்று மறுநாள் போய்க் கேட்டேன்.

"எங்க கிட்ட யாரு சார் கேக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த டீயை ஆற்றிக்கொண்டே, கேட்காத காலமெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூட நேரத்தில்தான் அதிகம் என்றார். பாலத்திலிருந்து இறங்குகிற வண்டி வேகத்தைக் குறைப்பதே இல்லை என்றார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற பிளெக்ஸ் போர்டு அந்த மின்கம்பத்தில் ஏறிவிட்டால் தெருவிலிருந்து வருகிறவனுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது என்றார். ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தைப் பத்தடி தள்ளினால் பாதி தொல்லை தீரும் என்றார். பிறகு கடையை விட்டு வெளியே வந்து, நான் விழுந்த இடத்துக்கு நாலடி தள்ளித் தரையைக் காட்டி, "போன வருஷம் யூனிபார்ம் போட்ட பொண்ணு ஒண்ணு இங்கதான் சார் விழுந்துச்சு, அடி ஒண்ணும் இல்ல, இப்ப அவங்க அப்பா வண்டியில கொண்டாந்து விடறாரு" என்றார்.