குருதித் திரட்சியைக் கணினி படிக்குமாறு

செவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றனவா அல்லவா என்று நோக்கி நோயின் இயல்பை அறியும் சோதனைகள் பல உள. அவற்றுள் இன்புளுயன்ஸாக் காய்ச்சலுக்குரிய ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அந்நோயின் வைரஸ் கோழியின் செவ்வணுக்களைத் திரளச் செய்யும் என்பதை ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1941-இல் வெளியிட்டார். ஒருவருடைய குருதிநீரில் அவ்வைரஸுக்குரிய எதிர்ப்பொருள் இருப்பின், அது வைரஸைப் பற்றிக்கொள்ளும்; செவ்வணுக்கள் திரளா. சோதனையின் கருத்து இவ்வளவே.

செய்முறையோ நுணுக்கமானது. 8 வரிசையும் 12 நிரலுமாக 96 குழிகள் அமைந்த பிளாஸ்டிக் தட்டொன்றில், குருதிநீரை 10 மடங்கு, 20, 40, 80 என இரட்டித்து நீர்க்கச் செய்து குழிதோறும் இடுவர். அளவறிந்த வைரஸைச் சேர்ப்பர். பின்னர்ச் செவ்வணுக்களைப் பெய்வர். கோழியணுவாயின் அரைமணி அளவில் விடை தெரியும். திரண்டவை வலைபோல் அடியெங்கும் பரந்து நிற்கும். திரளாதவை நடுவில் பொத்தான்போல் படியும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த்துளிபோல் வழியும். திரட்சி முற்றும் தடைப்பட்ட கடைசிக் குழியின் எண்ணே விடையாம்.

பாதி வழிந்தும் பாதி நின்றும் இருக்கும் குழியை என் செய்வது? புள்ளியிடாத ஏட்டில் ஒரு சொல்லை இருவர் இருவகையாகப் படித்தலை அறிந்த தமிழ் மாணவராகிய எமக்கு இத்தடுமாற்றம் புதிதன்று. ஆயின் ஈண்டு இடர் பெரிது. நோயின் தொடக்கத்திலும் பின்னரும் எடுத்த குருதிநீர்களில் எண் 4 மடங்கு உயர்ந்தால் அதனைத் தொற்றுக்குச் சான்றாகக் கொள்வர். 4 மடங்காவது 2 குழியே. 20 என்பது 40 ஆகியிருக்க, ஐயத்துக்குரிய அடுத்த குழியையும் கூட்டி 80 எனப் படித்தால் தீர்ப்பே மாறிவிடும். காலமும் பகையாகும்: வைரஸின் நியூராமினிடேஸ் என்னும் நொதி பிணைப்பை அறுத்துவிடுதலால், தாமதித்துப் பார்க்குங்கால் திரட்சி குலைதலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை தடுப்பூசிக்குரிய வைரஸ்களைப் பரிந்துரைக்குங்கால் ஆராயும் சான்றுகளுள் இவ்வெண்களும் உள.

இதன்பொருட்டே தட்டைச் சாய்த்து ஒளிப்படமெடுத்துக் கணினியிடம் கொடுக்கின்றனர். அது முதலில் 96 வட்டங்களையும் இனங்காணும். பின்னர் ஒவ்வொன்றினுள்ளும் செம்மை நடுவில் செறிந்ததா, பரந்ததா, வழிந்த துளியின் நீளம் எவ்வளவு என அளக்கும். வல்லுநர் முன்னரே படித்துக் குறித்த படங்களைக் காட்டிப் பயிற்றும் முறையும் உண்டு. அதில் ஆசிரியரின் தடுமாற்றம் மாணாக்கனையும் சாரும் என்பதை மறத்தலாகாது.

விரைவையே பலர் போற்றுவர். எமக்கோ, படம் நிலைத்திருத்தலே பெரிதெனத் தோன்றுகிறது. நேற்றைய தட்டை இன்று எவரும் மீளப் படித்தல் இயலாது; படம் இருப்பின் வேறோர் ஆய்வகத்தாரும் அதனைக் கண்டு ஐயந்தீரலாம். காற்றுக்குமிழி தங்கிய குழியையும் துளி முற்றும் வழியாத குழியையும் கணினி குறியிட்டு ஒதுக்க, அவற்றை மட்டும் மனிதர் பார்க்குமாறு அமைத்தலும் உண்டு.