கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது?

5 மீட்டர் உயர ஷெட் கூரையிலிருந்து கால் தவறினால் தரையைத் தொட ஒரு விநாடிதான் ஆகும். அதற்குள் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ள நேரமே இருக்காது. விபத்து நடந்ததும் "பெல்ட் போட்டிருந்தாரா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெல்ட்டின் கயிற்று முனையில் உள்ள கொக்கியை எங்கே மாட்டியிருந்தார் என்று கேட்பவர்கள் குறைவு. உயிர் பிழைப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

கயிறு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி தலைக்கு மேலே இருந்தால், சறுக்கிய சற்று நேரத்திலேயே கயிறு இறுகிவிடும். காலடிக் கம்பியில் மாட்டியிருந்தால், பெல்ட்டோடு கயிறு சேரும் முதுகு வளையம் கொக்கியின் மட்டத்துக்கு இறங்கி, அதன் பிறகும் கயிற்றின் முழு நீளத்துக்கு விழும். மொத்தம் சுமார் மூன்றரை மீட்டர். அந்த வேகத்தை 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால், உடல் எடையைப் போல 36 மடங்கு விசை பாயும். 80 கிலோ ஆள்மீது கிட்டத்தட்ட 3 டன்! இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டில் அது வயிற்றையும் முதுகெலும்பையும் சிதைத்துவிடும். விழுபவரைத் தாங்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998-இல் தடை செய்தது. தொடை, மார்பு, தோள் எனப் பரவிப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் தேவை.

கயிற்றோடு சேர்ந்த சிறு பையில் மடித்துத் தைத்த பட்டை இருக்கும். விழும்போது அந்தத் தையல் வரிசையாகப் பிரிந்து, வேகத்தின் ஆற்றலைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 36 மடங்கு என்பது நாலரை மடங்காகக் குறைந்துவிடும். ஆனால் பட்டை நீள்வதற்குக் கீழே இடம் வேண்டும். கயிறு 2 மீட்டர், பட்டை நீள்வது ஒன்றே முக்கால் மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர்: கூட்டினால் ஐந்தேகால். காலடியில் கொக்கி மாட்டியவர் அந்த 5 மீட்டர் கூரையிலிருந்து விழுந்தால், பெல்ட் அணிந்திருந்தும் தரையில் மோதக்கூடும். மேலே கொக்கி மாட்ட உறுதியான கம்பியை நிர்வாகம் அமைத்துத் தராமல், தொழிலாளியின் கவனக்குறைவைக் குறை சொல்வது அநியாயம்.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டும்போது அடியில் விரித்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று சாரமே பெயர்ந்து விழ, வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். எந்தப் பாதுகாப்புக்கும் தாங்கும் எல்லை உண்டு. ஆகவே முதலில் கைப்பிடி வேலி, தரையிலேயே முடிக்கக்கூடிய வேலையைத் தரையிலேயே முடிப்பது. அதற்குப் பிறகுதான் பெல்ட்.

பெல்ட் தாங்கிவிட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். இறக்குவதற்கான ஏணியும் பழகிய ஆட்களும் அவர் மேலே ஏறும் முன்பே தயாராக நிற்க வேண்டும்.