தோட்டத்து மரம் புது வீட்டுக்கு வருமா?

மரத்தடியில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 63 சென்டிமீட்டர் வந்தால் அடிமரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்து நிற்கும் வேம்புக்கோ மாமரத்துக்கோ இது சாதாரணப் பருமன்தான். மரம் பெயர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: அடிமரக் குறுக்களவைப் போல் பத்து மடங்கு அகலத்துக்காவது வேரைத் தாய்மண்ணோடு சேர்த்து எடுக்க வேண்டும். இந்த மரத்துக்கு 2 மீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் ஆழமும் கொண்ட மண்கட்டி தேவைப்படும். ஈரமண் ஒரு கன மீட்டர் 1.7 டன் வரை கனக்கும். மண் மட்டுமே 4 டன் ஆகிறது. மரத்தின் எடை தனி.

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பவர்களும், விற்றுவிட்டு ஊர் மாறுபவர்களும் இன்று அடிக்கடி கேட்கும் கேள்வி, இந்த மரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியுமா என்பது. அப்பா வைத்த மரம், அம்மா தண்ணீர் ஊற்றிய மரம். விட்டுவிட்டுப் போக மனம் வருவதில்லை. முடியும் என்பதுதான் பதில். ஆனால் எல்லா மரத்தையும் முடியாது, எல்லா மாதத்திலும் முடியாது, அவசரத்தில் நிச்சயமாக முடியாது. கிரேன் வருவது ஒரே ஒரு நாள். மரம் பிழைக்குமா என்பது அதற்கு முந்தைய எட்டுப் பத்து மாதங்களிலும் பிந்தைய இரண்டு கோடையிலும்தான் முடிவாகிறது. கிரேன் வாடகையை விசாரிப்பவர்கள் அந்த மாதங்களைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மேலே எவ்வளவு கிளையோ கீழே அவ்வளவு ஆழத்துக்கு வேர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மரங்களில் வேர் ஆழமாகப் போவதைவிட அகலமாகத்தான் போகிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள் இருக்கிறது. அவை மரத்தின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி, கிளை வீச்சைப் போல் இரண்டு மடங்கு தூரம்கூடப் பரவியிருக்கும். அடிமரத்தை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த வேர்கள். 2 மீட்டர் வட்டம் போட்டு வெட்டும்போது உறிஞ்சும் வேர்களில் பத்தில் ஒன்பது பங்கு பழைய தோட்டத்திலேயே தங்கிவிடலாம்.

மேலே இலைகளோ அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில்தான் வேரிலிருந்து நுனி வரை நீர்க்கம்பி அறாமல் ஏறுகிறது. கீழே வரத்து குறைந்தால் அந்த நீர்க்கம்பி அறுந்து, தண்டின் நுண்குழாய்களில் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்த குழாய் பெரும்பாலும் திரும்ப வேலைக்கு வராது. பெயர்த்த மரம் பட்டுப்போவதற்கு முதல் காரணம் இந்தத் தாகம். நோயும் பூச்சியும் அதற்குப் பிறகு வந்து சேர்பவை.

அதனால்தான் முன்கூட்டியே வேர் வெட்டும் முறை வந்தது. மரத்தைச் சுற்றி எடுக்கப்போகும் வட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதில் பாதியை மட்டும் முதலில் அகழி போல் தோண்டி வேர்களை வெட்டுவார்கள். கடப்பாரையால் பிய்த்தால் வேர் நார்நாராகக் கிழியும். கூரான அரிவாளாலோ ரம்பத்தாலோ ஒரே சீராக நறுக்க வேண்டும். பிறகு மட்கிய உரம் கலந்த பொலபொலப்பான மண்ணால் குழியை மூடித் தண்ணீர் விடுவார்கள். வெட்டுவாயை ஒட்டிப் புதுச் சல்லிவேர்கள் கொத்தாக முளைக்கும். மீதிப் பாதியைச் சில மாதங்கள் கழித்து வெட்ட வேண்டும். கடைசியில் மரத்தைத் தூக்கும்போது, உறிஞ்சும் வேர்கள் எடுத்துச் செல்லும் மண்கட்டிக்குள்ளேயே வளர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டின் மழைக் காலத்துக்கு இதைப் பொருத்தினால், மார்கழி–தையில் மண் ஈரமாக இருக்கும்போது முதல் பாதி, ஆனி–ஆடியில் மறுபாதி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி முடிவிலோ ஐப்பசியிலோ பெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் ஈரமும், குறைந்த வெயிலும், அடுத்த கோடைக்கு முன் நான்கைந்து மாத அவகாசமும் மரத்துக்குக் கிடைக்கும். கார்த்திகையில் புயல் வரலாம் என்பதால் முட்டுக் கொடுப்பதில் மட்டும் அலட்சியம் கூடாது. சித்திரையில் வீட்டை இடிக்கிறோம், பங்குனியில் மரத்தை எடுத்துவிடலாம் என்று திட்டமிடுவது மரத்தைக் கத்திரி வெயிலில் நிறுத்துவதற்குச் சமம்.

எந்த மரம் வரும்?

ஆல், அரசு, அத்தி வகைகள் பெயர்ப்பதற்கு மிக இணக்கமானவை. கிளையை நட்டாலே வேர் பிடிக்கும் குணம் அவற்றுக்கு உண்டு. பூவரசும் அந்த வரிசையில் சேரும். வேம்பு வரும், ஆனால் முன்தயாரிப்பு கேட்கும். இளமையில் எடுத்தால் நம்பிக்கை கூடும். முருங்கையைப் பெயர்ப்பதில் அர்த்தமே இல்லை. நல்ல தடிமனான போத்து ஒன்றை வெட்டிக்கொண்டு போய் ஊன்றினால் அதே மரம் அங்கே வளர்ந்துவிடும்.

தென்னையின் கதை வேறு. அதற்கு ஆணிவேரும் இல்லை, கிளைவிட்டுத் தடிக்கும் வேரும் இல்லை. அடித்தண்டிலிருந்து நூற்றுக்கணக்கில் ஒரே பருமனான வேர்கள் கிளம்புகின்றன. பனைக் குடும்பத்து மரங்களை அமெரிக்காவின் புளோரிடாவில் ஆராய்ந்தபோது, வெட்டப்பட்ட தென்னை வேர்களில் ஏறக்குறைய பாதி, எவ்வளவு நீளத்தில் வெட்டினாலும், பிழைத்து மறுபடி கிளைவிட்டது தெரியவந்தது. அதனால் தென்னைக்கு மற்ற மரங்களைப் போல் அத்தனை அகலமான மண்கட்டி தேவைப்படாது. ஆனால் தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தூக்கும்போது குலுங்கிக் குருத்து முறிந்துவிட்டால் எந்த வைத்தியமும் இல்லை. அடிமட்டைகளைக் கழித்துவிட்டு, நடுமட்டைகளைக் குருத்தோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிய பிறகே பெல்ட் போட வேண்டும்.

பலா வேரைத் தொந்தரவு செய்வதை விரும்பாது. வளர்ந்த பலாவைப் பெயர்ப்பது பெரும்பாலும் பணத்தையும் மரத்தையும் சேர்த்து இழப்பதில் முடியும். முற்றிய மாமரமும் கடினம்தான். அதற்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தூக்குகிற நாள்

இந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கவனம்தான் வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறுக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் வடக்கு என்று பட்டையில் சுண்ணாம்பால் குறித்து, புது இடத்திலும் அதே திசைக்கு நட வேண்டும். நிழலிலேயே இருந்த பட்டை திடீரென மேற்கு வெயிலைப் பார்த்தால் வெந்து வெடிக்கும். மண்கட்டியைச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்ட வேண்டும். தூக்கும் பெல்ட் மண்கட்டியைத் தாங்கும்படி போக வேண்டும். அடிமரத்தில் மட்டும் சங்கிலி போட்டுத் தூக்கினால் பட்டை உரிந்து, சாறு கடத்தும் பாதையே அறுந்துவிடும். தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளைப் பார்த்து மின்வாரியத்திடமும் உள்ளாட்சி அலுவலகத்திடமும் முன்பே பேசி வைப்பது அவசியம்.

புதுக்குழி மண்கட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலம் இருக்கலாம்; ஆழம் அதிகமாகவே கூடாது. அடிமரம் அகன்று வேராகப் பிரியும் கழுத்துப் பகுதி தரைமட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று ஓரடி கூடுதலாகப் புதைப்பவர்கள் மரத்தின் மூச்சை அடைக்கிறார்கள். குழியை முழுக்க உரத்தால் நிரப்புவதும் தவறு. வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றும், வெளியே போகாது. தோண்டிய மண்ணையே பெரும்பாலும் திரும்பப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காற்றிடைவெளிகளை அடைத்தால் போதும். முதல் பருவத்தில் ரசாயன உரம் வேண்டாம்.

கிளைகளை எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் நம் ஊரில் பெரிய பிழை நடக்கிறது. லாரியில் ஏற்ற வசதியாக எல்லாக் கிளைகளையும் மொட்டையடித்து, ஒரு தூணைப் போல் மரத்தைக் கொண்டுபோகிறார்கள். தாகத்தைக் குறைக்கக் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். கால்பங்குக்குள் நிற்பது நல்லது. புது வேர் வளரத் தேவையான மாவுச்சத்தைச் சமைப்பதும், வேரை வளரத் தூண்டும் ஊக்கியை அனுப்புவதும் அந்த இலைகளும் நுனிமொட்டுகளும்தான். அத்தி வகைகள் மொட்டையைத் தாங்கும். மற்றவை எல்லாம் அப்படி அல்ல.

துளிரை நம்பலாமா?

பெயர்த்து நட்ட மரம் சில வாரங்களில் துளிர்விடும். எல்லோரும் மகிழ்ந்து படம் எடுப்பார்கள். அந்தத் துளிர் பெரும்பாலும் தண்டிலும் வேரிலும் முன்பே சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தின் செலவு. வேர் பிடித்ததற்கு அது சான்று ஆகாது. கையிருப்பு தீர்ந்த பிறகு, மார்ச் மாத வெயிலில் புதுவேர் போதாமல் நின்றால், அதே துளிர் கருகித் தொங்கும். மரம் செத்துப்போனது நமக்குத் தெரியவருவது அப்போதுதான்.

டெல்லி அரசு 2020-இல் மரப் பெயர்ப்புக் கொள்கை ஒன்றை அறிவித்தது. கட்டுமானத்தால் பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டையாவது பெயர்த்து நட வேண்டும், ஓராண்டு கழித்து அவற்றில் 80 விழுக்காடு உயிருடன் இருக்க வேண்டும் என்றது அது. 2022-இல் அதே அரசு உயர் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் பெயர்த்த 16,461 மரங்களில் பிழைத்தவை 5,487. மூன்றில் ஒன்று. சாலைக்காகவும் ரயில் பாதைக்காகவும், ஒப்பந்தக் கெடு நெருக்க, வேர் தயாரிப்புக்குக் காலம் இல்லாமல் எடுத்து நடும் மரங்களுக்கு இது நேர்வதில் வியப்பில்லை. வெட்டுவதை மரியாதையாகச் சொல்லும் வழியாகப் பெயர்ப்பு மாறிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

வீட்டு மரத்துக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது: அதைத் தினம் பார்க்க ஆள் இருக்கிறது. தண்ணீர் விடுவதில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முதல் ஆண்டில் வேர் பழைய மண்கட்டிக்குள்தான் இருக்கிறது. சுற்றியுள்ள புதுமண் சேறாக இருக்கும்போதே நடுவிலுள்ள தாய்மண் காய்ந்து கிடக்கலாம். எனவே வட்டப்பாத்தியை மண்கட்டியின் அளவுக்குக் கட்டி, அடிமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நேரே அதன்மேல் விட வேண்டும். ஒரு இரும்புக் கம்பியை அடிக்கணக்கில் உள்ளே செருகி எடுத்தால் ஈரம் எதுவரை என்று தெரியும். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அங்கே மண் காய்ந்ததைக் கம்பி காட்டாமல் நீர் விடக் கூடாது. மேலே நான்கு விரல் கனத்துக்கு காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு என்று மூடாக்குப் போடலாம், ஆனால் அடிமரத்தில் ஒட்டாமல். முட்டுக் கம்புகளை ஓராண்டில் எடுத்துவிட வேண்டும். காற்றில் சற்றே அசைந்தால்தான் மரம் தன் அடியைத் தடிப்பாக்கும். இரண்டாவது கோடையையும் தாண்டி, கிளைநுனிகள் வழக்கமான நீளத்துக்கு வளர்ந்தால் மரம் பிடித்துவிட்டது என்று சொல்லலாம்.

வயதான மரங்களும் பெயரும் என்பதற்கு ஜப்பானில் பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. கிபு மாகாணத்தில் மிபோரோ அணைக்காக ஷோகாவா பகுதிக் கிராமங்கள் மூழ்கவிருந்தன. அங்கிருந்த இரண்டு கோயில்களின் தோட்டத்தில் 400 வயதைத் தாண்டிய இரண்டு செர்ரி மரங்கள் நின்றன. அணை கட்டிய மின் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த தகாசாகி தத்சுனொசுகே அவற்றைக் காப்பாற்ற முனைந்தார். செர்ரி மரங்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட சசாபே ஷின்தாரோ பொறுப்பேற்றார். 1960-இல் மரங்கள் மலைச்சரிவில் நீர்மட்டத்துக்கு மேலே இழுத்துச் செல்லப்பட்டன. ஊர் தண்ணீருக்கடியில் போய்விட்டது. மரங்கள் பிழைத்து ஏரிக்கரையில் இன்றும் பூக்கின்றன. அங்கே கைதேர்ந்தவர்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் வசதியும் இருந்தன. எல்லாத் தோட்டத்துக்கும் அது கிடைக்காது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மரம் நகர வேண்டுமா, வரைபடம் நகர வேண்டுமா என்பது. மதிலோரம் நிற்கும் வேம்புக்கு வாகன நிறுத்தத்தைப் பத்தடி தள்ளிப்போடச் சொல்லிக் கட்டுநரிடம் பேசுவது, கிரேனைவிடச் செலவு குறைந்தது. கட்டுமானம் நடக்கும் மாதங்களில் மரத்தின் நிழல் எல்லைக்குள் ஜல்லி கொட்டாமல், லாரி ஏறாமல் வேலி போட்டுக்கொள்ள வேண்டும். மண் இறுகினால் நின்ற இடத்திலேயே மரம் பட்டுவிடும்.

எதற்கும் வழியில்லை, மரம் மாமரம் என்றால், ஒட்டுக் கட்டலாம். சென்ற பருவத்தில் முற்றிய, பென்சில் பருமனான நுனிக் குச்சியைத் தேர்ந்து, மரத்தில் இருக்கும்போதே ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக அதன் இலைகளை மட்டும் காம்பை விட்டு நறுக்கிவிட வேண்டும். நுனிமொட்டு திரண்டதும் குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய், மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றின்மேல் கட்டுவார்கள். நாற்றுப்பண்ணைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். பழம் பழைய மரத்தின் அதே பழம், அதே ருசி. கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்குக் கிளையிலேயே பட்டையை வளையமாக உரித்து ஈரப்பாசி வைத்துக் கட்டும் பதியம் போதும். கோடரி வைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். வீடு விற்றுப் பங்கு பிரிக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கை நான்கு பேர் என்றால், நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கன்று, பட்டுப்போவதற்கு ஈடாகக் கூடுதலாக இரண்டு என்று கட்டச் சொல்லலாம்.