மலைக்குச் செய்யும் கைம்மாறு

“இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கு மலையில் என்னடா வேலை, மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமா.

தசரா விடுமுறை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெரு முழுவதும் வாழைக்கன்றும் மாவிலையுமாக இருந்தது. நானோ ஒரு பழைய காலணி, கையுறை, மழைக்கோட்டு, அட்டைக்கடிக்கு ஓர் உப்புப் பொட்டலம் ஆகியவற்றை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்குப் போகிறேன் என்றதும், சுற்றுலா என்று நினைத்துக்கொண்டார். “இல்லை மாமா, கூலியில்லாத வேலைக்கு” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை. ஐந்து நாள் மண்வெட்டி பிடித்துத் திரும்பிய பிறகு கூற முடியும் என்று தோன்றுகிறது. சங்க நண்பர்களுக்கும் அதைச் சொல்லவேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலடியும் நீரோட்டமும்

பெங்களூர் மாணவர்களுக்கு மலையேற்றம் புதிதன்று. சனிக்கிழமை இரவு பேருந்து ஏறி, ஞாயிறு மாலைக்குள் ஒரு சிகரத்தைத் தொட்டுத் திரும்புகிறோம். 2024 சனவரி இறுதியில், ஒரு விடுமுறையின்போது, குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் எறும்புச் சாரை போல நின்ற காட்சியை நாம் அனைவரும் கண்டோம். அதன் பின்னரே கருநாடக வனத்துறை மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவைக் கட்டாயமாக்கியது. ஏறுகிறவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஏறும் வழியைப் பற்றிப் பேசுவதில்லை.

மலைவழி எவ்வாறு பாழாகிறது? முதலில் காலடி மண்ணை அழுத்துகிறது. மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. எங்கே ஓடும்? இருப்பதிலேயே தாழ்ந்த இடம் நாம் நடந்து தேய்த்த வழிதான். ஆகவே வழி வாய்க்காலாகிவிடுகிறது. சேறும் பள்ளமுமாய் ஆனபின் நடப்பவர் ஓரத்தில் கால் வைக்கிறார். ஓரமும் தேய்ந்து வழி அகலுகிறது. வளைந்து ஏறும் பாதையில் பொறுமையற்றவர் நேர்க்குத்தாய் ஒரு குறுக்குவழி போடுகிறார். நீருக்கு அதைவிட நல்ல வழி வேறென்ன வேண்டும்!

இங்கேதான் என் பாடம் எனக்கு உதவியது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரோட்டத்தைப் பற்றிய பழைய விதி. வேகத்தின் ஆறாம் அடுக்கு! வகுப்பில் இதைப் படித்தபோது ஒரு வரிச் சமன்பாடாக இருந்தது. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் வழியைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. மண் முழுவதும் கழுவிப் போய், மரவேர்கள் எலும்புக்கூடு போல் வெளியே நின்றன. அந்த வேர்களைத்தான் பயணிகள் படியாக மிதித்து இறங்குகின்றனர்.

அது சாதாரண வழியன்று. மோட்டார்ச் சாலை வருமுன் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைவழியின் மேற்பகுதி அது. வெள்ளைக்காரத் துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றவர்களின் பாதங்கள் பட்ட வழி.

வழியைக் காக்கும் மருந்து எளிது. நீர் வேகம் பிடிக்குமுன் அதை வழியிலிருந்து வெளியேற்றிவிடவேண்டும், அவ்வளவே. வழிக்குக் குறுக்கே சாய்வாகக் கல் வரிசை ஒன்றைப் பாதி புதைத்து வைக்கிறார்கள். மேலிருந்து வரும் நீர் அதில் மோதி, பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி, செடிகளுக்கிடையே பரவி மண்ணில் இறங்கிவிடும். சரிவு அதிகமாயின் இவை நெருக்கமாக வேண்டும். குறைவாயின் தள்ளித் தள்ளிப் போதும். குறுக்குவழிகளை முள்ளும் கிளையும் இட்டு அடைத்துவிட்டால், இரண்டு மூன்று மழைக்காலத்தில் செடிகளே அவற்றை மூடிவிடும்.

எங்களுக்கு வேலை சொல்லித்தந்த பெரியவர் வெள்ளகவிப் பக்கத்தவர். ஆறாம் அடுக்கு விதியை அவரிடம் நான் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வயலுக்கு வாமடை வெட்டுற மாதிரிதான் தம்பி. தண்ணிய வேகம் எடுக்க விடாம வெட்டி விடணும்” என்றார். நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

உலகின் பிற நாடுகளில் இத்தகைய தொண்டு ஒரு பெரிய மரபாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடரில் 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடும் நடைவழி ஒன்று உண்டு. பெண்ட்டன் மெக்கே என்பவர் 1921 இல் அதற்கு யோசனை கூறினார்; 1937 இல் வழி நிறைவுற்றது. அன்று முதல் இன்றுவரை அதைச் செப்பனிட்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒவ்வொரு கழகமும் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் தெருவிளக்குக் கம்பத்தில் பெயர் எழுதுவார்கள். அங்கே பெயரைவிட வடிகாலைத் தூர்வாருவது முக்கியம்.

புல்லா, மரமா?

மூன்றாம் நாள் வேலை மாறியது. மேலே புல்வெளிக்குச் சென்றோம். அங்கே எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மரத்தைப் பிடுங்கச் சொன்னார்கள்!

மரம் நடுவது புண்ணியம் என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். பிடுங்கச் சொன்னால் கை கூசாதா? ஆனால் பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிகளின் இயல்பு வேறு. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. திறந்த சரிவுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்ததே அந்த மலை. சோலை என்ற நம் சொல்லையே ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டு தாவர நூல்களில் எழுதினர். ஆனால் புல்வெளியை மட்டும் தரிசு என்று கணக்கெழுதினர். தரிசு என்றால் எதையாவது நடவேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரமும் தைலமரமும் வந்தன. பின்னர் பைன் வந்தது. வாட்டிலை நீலகிரியில் சீகை என்பார்கள். அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. தைலமரம் விறகுக்கும் மரக்கூழுக்கும் ஆயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னும் பல பத்தாண்டுகள் இந்த நடவு தொடர்ந்தது.

விளைவு என்ன? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பதாண்டுகளில் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலையில் 31 விழுக்காடும் அழிந்துவிட்டதாகக் கூறுகிறது. ஒரு காலத்தில் மலையுச்சியின் பெரும்பகுதியாயிருந்த புல்வெளி இன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது.

“பழங்காலத்தில் அங்கே காடுதான் இருந்திருக்கும், மனிதன் வெட்டியதால் புல்லாயிற்று” என்று சிலர் சொல்வதுண்டு. இதற்கு விடை கண்டவர்களுள் நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் ஒருவர். அவரும் தோழர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தனர். கார்பன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை 12. நூற்றுக்கு ஒன்று போல 13 எடையுள்ளது. மரங்கள் அந்தக் கனத்த அணுவைச் சற்று ஒதுக்கிவிடும். வெப்பநாட்டுப் புற்களோ அவ்வளவாக ஒதுக்கா. ஆகவே மக்கிய மண்ணில் இரண்டின் விகிதத்தை அளந்தால், அங்கே வாழ்ந்தது புல்லா மரமா என்று சொல்லிவிடலாம். 1993 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த ஆய்வு, சுமார் 20,000 ஆண்டு வரலாற்றைக் காட்டியது. வறண்ட காலத்தில் புல் ஓங்கியும், ஈரம் மிகுந்த காலத்தில் மரம் ஓங்கியும் வந்திருக்கின்றன. கோடரிக்கு முன்பே அங்கே புல் இருந்தது.

அந்தப் புல்லை நம்பி வாழ்வன பல. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு புல்வெளி உயிர். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளே எண்ணப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018 இல் பூத்தது. இனி 2030 இல் பூக்கும். குறிஞ்சித் திணை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற நாம், அந்தச் செடிக்கு இடம் இருக்குமா என்று கேட்டதுண்டா?

தண்ணீரின் கணக்கும் இதில் உண்டு. நீலகிரியில் கிளென்மார்கன் அருகே, ஒத்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் தைலமரம் நட்டு அளந்து பார்த்தனர். மரம் நட்ட பகுதியில், முதல் சுற்றில், ஓடையின் ஆண்டு நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மலையுச்சிப் புல் சிக்கனமாகக் குடிக்கும், தைலமரம் அப்படியன்று.

பிடுங்குவதிலும் ஒரு முறை

வாட்டிலை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணவேண்டா. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலும், தீ பரவினாலும் ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். ஆகையால் புல்வெளியின் ஓரத்தில் புதிதாகப் பரவும் கன்றுகளையே முதலில் தாக்குகிறார்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு கையால் பிடுங்கவேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வரவேண்டும். வெறுமையான இடத்தில், பக்கத்துப் புல்வெளியிலிருந்து எடுத்த தூர்களைப் பிரித்து நாற்றங்காலில் பெருக்கி நடுகிறார்கள்.

முதிர்ந்த தோட்டங்களை ஒரேயடியாக அழிப்பதும் கூடாது. அவற்றின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. எங்கே பிடுங்குவது, எங்கே விட்டுவைப்பது என்ற பகுத்தறிவே இத்தொண்டின் உயிர்.

இவற்றையெல்லாம் தனியே போய்ச் செய்யலாகாது. வனத்துறையின் அனுமதியும் வழி தெரிந்தவர் துணையும் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிடக்கூடாது. காலணியில் ஒட்டிய விதையையும் கழுவிவிட்டே ஏறவேண்டும்.

தாத்தாவின் கேள்வி

ஒன்றை இதுவரை மறைத்துவிட்டேன். என் ஊர் தேவதானப்பட்டி. மஞ்சளாற்று நீர் குடித்து வளர்ந்தவன் நான். என் தாத்தா இளமையில், 1960-களில், மலைக்குச் சென்று கூலிக்கு நாற்று நட்டவர். என்ன நாற்று? வாட்டில்தான். அந்தக் கூலியில்தான் என் அம்மா பள்ளிக்குச் சென்றார். அம்மா படித்ததால் நான் இங்கே படிக்கிறேன்.

திரும்பி வந்த இரவு ஸ்ரீராம்புரத்திலிருந்து அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். சொல்லலாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சில்லை.

“நான் நட்டத நீ புடுங்கிட்டு வந்தியாக்கும்?”

“ஆமா தாத்தா.”

“புடுங்குன எடத்துல என்ன வச்ச?”

“புல்லு.”

மறுபடியும் மௌனம். பிறகு, “அப்ப நாங்க குழி வெட்டுனதே புல்லுக்குள்ளதான்டா. மேல பூராவும் புல்லாத்தான் கெடந்துச்சு. நட்டா நல்லதுன்னாங்க, நட்டோம்” என்றார். அதில் கோபமில்லை. வருத்தமும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அவர் தவறு செய்தவரல்லர். அன்று நல்லது என்று சொல்லப்பட்டதை வியர்வை சிந்திச் செய்தார். இன்று நமக்குக் கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே நம் கடமையும் கூடுகிறது.

இனி முதலில் சொன்ன காரணம். நம் சங்கத்தின் பொங்கல் விடுமுறைத் திட்டத்தில் “மலையில் ஆயிரம் மரக்கன்று நடுதல்” என்று தீர்மானம் நிறைவேறியது நினைவிருக்கலாம். அதற்கு முதலில் கை தூக்கியவன் நான்தான். இப்போது அந்தக் கையை இறக்கிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அந்தப் பணத்தையும் அந்த நாட்களையும், அனுமதி பெற்று, வழி செப்பனிடுவதிலும் புல்வெளியைக் காப்பதிலும் செலவிடுவோம். படம் எடுத்தால் ஆயிரம் கன்று போல அழகாக இராது. கல் வரிசை ஒன்றும் சேறு படிந்த கைகளும்தான் தெரியும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் செல்லவேண்டியிருக்கும்.

மரம் நடும் ஆசை விடாதவர்களுக்கு ஸ்ரீராம்புரத்தில் நிழலில்லாத தெருக்கள் எத்தனையோ உண்டு. இங்கே நடுவோம். அங்கே புல்லை வாழவிடுவோம்.

மாமா இப்போது சிரிப்பதில்லை. “அடுத்த முறை போகும்போது சொல்லு மாப்பிள்ளை, மண்வெட்டிக்குப் பிடி நான் போட்டுத் தருகிறேன்” என்கிறார். பிடி ஒன்று கிடைத்துவிட்டது. பிடிக்கக் கைகள் வேண்டும், நண்பர்களே.